கரையில் இருக்கும் ஆள்

குருண்
17.8.2023, வியாழன்

அன்புள்ள பிரேமா,

நலம்தானே? என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தத் தபால்.

யான் ஊர்ப் படகு ஜெட்டியில் போன வாரம் ஓர் அதிகாரி வந்து படகுக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். லைப் ஜாக்கெட் போடு, கைபேசியைப் பிளாஸ்டிக்கில் கட்டு, திரும்பி வர எண்ணெய் மிச்சம் வை என்றார். கடைசியாக, எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ என்றார். மற்றவர்கள் மனைவி பேரைச் சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நாளை விடியற்காலை மீன்பிடிக்கப் பீடான் தீவுக்குப் போகிறேன். நான் மட்டும்தான். மாலைக்குள் வந்துவிடுவேன். வராவிட்டால் ஜெட்டியில் படகு வைத்திருக்கும் பாக் டின்னுக்குச் சொல். அவர் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது.

உன்
லோகேஸ்வரன்

கூலிம்
21.8.2023, திங்கள்

திருவாளர் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறவரின் கடிதம் திங்கட்கிழமை என் கைக்கு வருகிறது. நீங்கள் மூழ்கியிருந்தால் இன்று நான் யாரைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? இதற்குப் பேர் முன்னேற்பாடா?

யோகேஸ்வரி அக்கா உறையைப் பார்த்துவிட்டு, “மனுசன் இன்னும் உயிரோடதான் இருக்காரா லா?” என்று கேட்டாள். சிரிக்க முடியவில்லை. உடனே பாக் டின்னுக்கு அடித்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

ஜூன் மாதம் அந்த ஜெட்டியில் இருட்டும்வரை நின்றேன். நீங்கள் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தீர்கள். கரையில் நிற்கிற வேலை இனி வேண்டாம் என்றுதானே அக்கா வீட்டுக்கு வந்தேன்? அதே வேலையை இப்போது தபாலில் அனுப்புகிறீர்கள். நம்பரைத் திறக்க மாட்டேன். திறந்தால் நீங்கள் போவதற்கு நானே தலையாட்டிய மாதிரி ஆகிவிடும்.

பிரேமாவதி

குருண்
24.8.2023, வியாழன்

அன்புள்ள பிரேமா,

பாக் டின்னுக்கு நீ போன் செய்தது ஒன்றே போதும். இந்த வாரம் இன்ஜின் மக்கர் செய்கிறது, போகவில்லை. நிம்மதியாகச் சாப்பிடு.

நான் ஜெராய் மலையைப் பார்க்காமல் படகை எடுப்பதில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் முன் மலையைப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். மலை தெளிவாக இருந்தால் அன்றைக்கு மழை கிடையாது. ஒரு நாளும் தப்பியதில்லை.

உன்
லோகேஸ்வரன்

கூலிம்
28.8.2023, திங்கள்

நீங்கள் படகில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறீர்களே, அது தப்பு. குருணில் மலை நமக்கு மேற்கே நிற்கிறது. மழை அதைத் தாண்டித்தான் வர வேண்டும், அதனால் அத்தை பார்த்தார்கள். கடலில் அதே மலை உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. அதைப் பார்த்தால் காற்று உங்கள் முதுகுப் பக்கம் வரும். பாக் டின்னிடம் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார்.

கெஞ்சிக் கேட்கிறேன், போகாதீர்கள். கோபத்தில் வீட்டைவிட்டு வந்தேனே தவிர, தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

பிரேமா

குருண்
30.8.2023, புதன்

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. கடைசி வரியை நாலு தடவை படித்தேன். மேற்கேயும் பார்க்கிறேன், ஜாக்கெட்டும் போடுகிறேன், போதுமா? இன்ஜின் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சொங்சொங் தீவுக்குப் போகிறேன். மாலைக்குள் வந்துவிடுவேன். நீ திட்டியதால் இந்த முறை முன்கூட்டியே தபாலில் போடுகிறேன். நாளைக்கே உன் கையில் இருக்கும்.

மீனோடு கூலிமுக்கு வரட்டுமா?

உன்
லோகேஸ்வரன்

யான் ஜெட்டி
4.9.2023, திங்கள்

என்னங்க,

நாளைக்கே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை; அதற்கு அடுத்து வெள்ளியும் சனியும் நம் வார விடுமுறை. தபால் எங்கே வரும்? இன்று காலைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு பாக் டின் கூப்பிட்டார். மலை பளிச்சென்று இருந்ததாம், காற்று மேற்கேயிருந்து வந்ததாம், நீங்கள் திரும்பவில்லையாம். எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டார். பீடான் என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். என் பேச்சை நம்பி நேற்றுவரை பீடானைச் சுற்றியே தேடினார்கள். அந்த இரவே நம்பரைத் திறந்துவிட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறேன். போகவில்லை.

உங்கள் கடிதத்தைத் தேடுதல் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் படகில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. பாக் டின் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எனக்குத் தண்ணீரென்றால் எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

பாக் டின் படகு. அவரும் நானும். சொங்சொங் தீவைச் சுற்றி, பிறகு அதற்கு மேற்கே. இருட்டுவதற்குள் வந்துவிடுவோம். ஜாக்கெட் போட்டு வாரெல்லாம் இறுக்கியாயிற்று. கைபேசி பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.

இதை இங்கே நிற்கிற உங்கள் மோட்டார் சைக்கிள் கூடையில் வைக்கிறேன். எங்களுக்கு முன்னால் வந்துவிட்டால் என்னைத் தேடி எங்கேயும் போகாதீர்கள். இங்கேயே நில்லுங்கள். இன்றைக்குக் கரையில் இருக்கும் ஆள் நீங்கள்தான்.

உங்கள்
பிரேமா