ஆற்றில் நிற்கும் உன் படம்

அண்ணா,

இன்று காலை உன்னைப் பார்த்தேன். புகைப்படக் கண்காட்சி ஒன்றில் உன் படம் இருப்பதாக எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். வெள்ளைச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, நீ மார்பளவு ஆற்றில் வலையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். சுற்றிலும் தண்ணீரில் எண்ணெய், மயில்கழுத்து நிறத்தில்.

"என்ன கலர் பாருங்க!" என்றார் பக்கத்தில் நின்றவர். அந்தக் கலர் அன்று மூன்று நாள் உன் தோலை விட்டுப் போகவில்லை என்று அவருக்குத் தெரியாது. நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, "மெள்ள தேய்டி, தோலு உரிஞ்சிகினு வருது" என்று கத்தினாயே.

எண்ணூர் ஆற்றில் ஆலை எண்ணெய் வந்த அந்த வாரம், கேமராவோடு வந்தவர்களையெல்லாம் நீ விரட்டினாய். ஒரு பெண் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். "எட்த்துக்கோ பாப்பா, பெர்சா எடு. ஆபீசருங்க பாத்தானுங்கன்னா வந்து எண்ணெய அள்ளிகினு பூடுவானுங்க" என்றாய். அதை நம்பவும் செய்தாய். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடுவாய்.

பிறகு மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பீடி பிடிப்பாயா என்று கேட்டார்கள். நீ பீடியைத் தொட்டதே இல்லை. நான் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன்; எழுதிக்கொள்ளவில்லை. எதனால் போனாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் எடுத்த அந்தப் பெண், அன்று கரையில் நின்றிருந்த என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, அண்ணன் வரலையா?"

"பூட்டாரும்மா. ஆடி வந்தா ஒரு வருசம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, "படத்தை எறக்கிடட்டுமாக்கா?" என்றாள். இறக்கினால் உன்னை யாரும் பார்க்கமாட்டார்கள். மாட்டியிருந்தால் கலரைத்தான் பார்ப்பார்கள். உன்னைக் கேட்காமல் எதற்கும் பதில் சொல்லிப் பழகாதவள் நான்.

"இருக்கட்டும்மா" என்றேன், கடைசியில்.

படத்துக்குக் கீழே இருந்த அட்டையில் 'மீனவர், எண்ணூர்' என்று மட்டும் இருந்தது. அவளிடம் பேனா வாங்கி உன் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கோணிக்கொண்டது.

திருவொற்றியூர் தாண்டும்போதுதான் பஸ்ஸில் நினைவு வந்தது, நீ இறந்துபோனதை நான் அதில் எழுதவே இல்லை. பார்க்கிறவர்கள், இன்றைக்கும் நீ ஆற்றில் நிற்பதாகத்தான் நினைப்பார்கள். திரும்பிப் போய் எழுத நினைத்தேன். மனசு வரவில்லை, அண்ணா.