வாளையார் வெயில்

அன்பு அம்மாவுக்கு,

செல்வராணி எழுதுகிறேன். சித்திரபுரம் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே வாளையார் எண்ணெய்க் கிடங்கின் டேங்குகளில் ஆண்டுக்கு எவ்வளவு பெட்ரோல் ஆவியாகிறது என்று கணக்கிடுகிறோம். வெயில் ஏறினால் ஆவியும் ஏறும். மேலாளர் அறிக்கையில் கொச்சியின் வெப்பநிலையைப் போட்டிருந்தார். கடலோரமான அங்கே வெயில் குறைவு, கணக்கில் ஆவியும் குறைந்துவிடும்.

“அதுவும் கேரளா, இதுவும் கேரளா. கையெழுத்தப் போடும்மா” என்றார்.

“வாளையார் வெயிலப் போட்டாத்தான் சார் போடுவேன்” என்றேன். வேலிக்கு அப்பால் வீடுகள் இருக்கின்றன. அந்த ஆவியைச் சுவாசிப்பது அவர்கள்தான்.

பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. கோடை முழுக்க நானே வெயிலை அளந்து தர வேண்டுமாம். அளந்தே தருவேன். ஈஸ்டருக்கு மட்டும் வர முடியாது.

இரண்டு பருத்திச் சுடிதார் அனுப்புங்கள். நீங்கள் தந்த கம்பளியைப் போர்த்த இங்கே வழியில்லை. அதிலுள்ள நம் அடுப்புப் புகை வாசம் போய்விடுமென்று பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறேன்.

கிடங்குக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

செல்வராணி