பானையில் விழாத பெயர்

என் எஸ்தருக்கு,

நீ இங்கே இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய், அதனால் உனக்கே முதலில் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே நம்மூர் வரலாற்றுப் பலகையை மறுபடியும் மாற்றிவிட்டார்கள்.

ஆட்சி மாறினால் பலகை மாறும், உனக்குத் தெரியாததா? கோயில் சுவரில் இருப்பது ஒரே கல்வெட்டுதான். ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த செய்தி. அது பலகையில் ஒரு தடவை ‘தமிழர் தந்த மக்களாட்சி’, இன்னொரு தடவை ‘வேத நெறிச் சபை’.

இந்த முறை விழாக் குழுவில் இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் என்று வாசகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு உன் கேள்விதான் ஞாபகம் வந்தது.

வருஷாவருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போய், எல்லோர் பெயரையும் ஓலையில் எழுதவைத்துக் குடத்தில் போட்டுக் குலுக்குவேனே. ஒருமுறை கணக்கு டீச்சரான நீயும் துணைக்கு வந்தாய். திரும்பும்போது, “அக்கா, அந்தக் காலத்துல எங்க அப்பா பேரு பானையில வுழுந்திருக்குமா?” என்றாய். உன் அப்பா அறுவடைக் கூலி. எனக்குப் பதில் தெரியும். “அதெல்லாம் பரீட்சைல வராது எஸ்தர்” என்றேன். நீயும் சிரித்தபடி விட்டுவிட்டாய். ஏன் விட்டாய்?

அதனால் கடைசி வரி இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்களே பானையில் விழுந்தன. வயலில் உழைத்த கூலிகளின் பெயர்கள் விழவில்லை.’

“எடம் பத்தாது டீச்சர்” என்றார்கள் இருவரும். அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

“தமிழர்னு பெருசா போடணும்” என்றார் ஒருவர்.

“வேத நெறி இல்லன்னா நான் தெறப்பு விழாவுக்கே வரமாட்டேன்” என்றார் மற்றவர்.

“வராத போ. மைக்காவது எங்க கைக்கு வரும்.”

“ரெண்டையும் எடுத்துடலாமே” என்றேன் நான். எதிராளியின் சொல் போகிறதே என்ற சந்தோஷத்தில் இருவரும் தலையாட்டினார்கள்.

எழுதி முடித்த பெயிண்டர் பாஷா பாய், “இன்னாம்மா, அடில ரெண்டு அடி காலியா கீது. மொட்டையா வுட்டா நல்லாவா இருக்கும்?” என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். “இவன் வார்த்தைக்கு டீச்சர் வரியே தேவல” என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார்.

நேற்று சாயங்காலம் போய் நின்று படித்தேன். நாற்று நட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் அந்தக் கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்து, “நம்பளத்தான் போட்டுக்கீறாங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். மனசு நிறைந்துவிட்டது எஸ்தர்.

அடுத்த ஆட்சியில் அழிக்கலாம். அழித்தால் திரும்ப எழுதிக் கொடுப்பேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக இன்னமும் என்னைத்தான் அழைக்கிறார்கள். இனி உன் கேள்வியைச் சொல்லிப் பதிலையும் சொன்ன பிறகுதான் குடத்தைக் குலுக்குவேன்.

பதில் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட உன் அக்கா,
ராஜேஸ்வரி