இரண்டு அவகாசம்

மேட்டுக்காடு (மூணாறு வழி)
6.7.1976

சுப்பாத்தாளுக்கு,

நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. என் மாற்றலுக்காக உன் தம்பி காளிச்சாமி அலைவதாக எழுதியிருந்தாய். நல்லது, அலையட்டும்.

இந்தப் பஞ்சாயத்து ஆபீசில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் குரியன் சாருக்குக் கோட்டயம்; தமிழ் சுத்தமாக வராது. பியூன் மொக்கையன் இந்த ஊர்; மலையாளம் பாதிதான் ஏறும். பில் கலெக்டர் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. கிளார்க்கான நான் இரண்டு பாஷையும் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. ஐந்து மணி அடித்தால் குடையை எடுத்துவிடுவேன்.

வீடில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து வீடு கட்டித் தருகிறது. மனுக் கொடுக்கக் கடைசித் தேதியும் போய்விட்டது. ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. "ஈ தமிழர்க்கு ஒரு உத்ஸாகவுமில்ல" என்கிறார் சார்; இந்தத் தமிழர்களுக்கு எதிலும் அக்கறை இல்லையாம். இருக்கலாம். எனக்கென்ன?

உன்,
ஆறுச்சாமி

கொழிஞ்சாம்பாறை
14.7.1976

மாமாவுக்கு,

ஏனுங்க, பக்கம் பூரா ஆபீஸ் கதை எழுதினீங்களே, நான் எப்படி இருக்கறேன்னு ஒரு வரி கேட்டீங்களா? கல்யாணம் ஆன நாளா நீங்க மலைமேல, நான் இங்க. அத்தை நல்லாத்தான் வெச்சிருக்காங்க. ஆனா உங்க ஊட்டுல நான் விருந்தாளியாட்டம் இருக்கறனுங்க.

காளிச்சாமி காரியத்த முடிச்சுட்டான். நம்மூரு பஞ்சாயத்துக்கே ஆர்டராம். சட்டுன்னு வந்து சேருங்க.

சுப்பாத்தாள்

மேட்டுக்காடு
27.7.1976

அன்புள்ள சுப்பாத்தாளுக்கு,

ஆர்டர் கைக்கு வந்தது. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

மாரித்தாய் என்று ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு மனுக் கொடுக்க வந்தாள். தேதி போய்விட்டதே என்றேன். "அவகாசமுண்டுன்னு பெரிய ஆபீசர்தானய்யா சொன்னாக? அதான் பூண்டெடுத்து முடிச்சிட்டு வந்தேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. வீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றுதான் சார் எல்லோரிடமும் சொன்னார். இவர்கள் நாள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து மேஜையில்தான் நான் இருந்தேன்.

சாரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். மேலிடத்தில் பேசித் தேதியை நீட்டிவிட்டார். இப்போது அவர் கேட்க, நான் இரண்டு பக்கமும் சொல்ல, மொக்கையன் ஊரைக் கூட்டிவர, பொழுது போவதே தெரியவில்லை. பில் கலெக்டர் மட்டும் இன்னும் பேசவில்லை. குடை ஆணியிலேயே தொங்குகிறது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இந்த வேலை பிடித்துவிட்டது. மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வீடுகள் எழும்பும்வரை எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

உன்,
ஆறுச்சாமி

கொழிஞ்சாம்பாறை
3.8.1976

மாமாவுக்கு,

கடுதாசி படிச்சு ரெண்டு நாளா கோவத்துல சோறு எறங்கலைங்க. காளிச்சாமி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறான். அந்த மாரித்தாய்க்கு வீடு கெடைக்கோணும், அதுல எனக்கும் சந்தோசந்தான்.

அவகாசம் கேட்டிருக்கறீங்க. தமிழ் அவகாசம் எங்கிட்ட தீந்து போச்சுங்க. மலையாள அவகாசந்தான் மிச்சமிருக்குது. அதுக்கும் நான் மனுப் போடோணுங்களா?

வெள்ளிக்கிழமை உடுமலைப்பேட்டையில மூணாறு பஸ் ஏறறேன். இன்னொரு கம்பளி வாங்கி வையுங்க. அன்னிக்கு ஒரு நாளாச்சும் நேரத்தோட குடைய எடுத்துட்டு வந்து பஸ்கிட்ட நில்லுங்க.

சுப்பாத்தாள்