நீ அடித்து வைத்த காற்று

என் சேகர் அண்ணே,

உன் ஏர்கன் இன்று வீட்டை விட்டுப் போய்விட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

லைசன்ஸ் உன் பேரில் இருக்கிறது. ஆள் இல்லையென்றால் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

வாரமெல்லாம் தெப்ராவ் தொழிற்சாலையில் லேத் ஓட்டிவிட்டு, குளுவாங் வீட்டுக்கு வந்த கையோடு அதைப் பிரித்துப்போட்டு உட்காருவாய். பிஸ்டனைத் தேய்ப்பாய். நீயே கடைந்த வாஷரை மாட்டுவாய். "இப்ப அடி எப்படி இருக்கு பாரு!" என்று கிளப்பில் குறிபார்த்துச் சுட்ட காகிதத்தை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டுவாய். "அலமாக், இத கட்டிக்கிட்டே அழு" என்று அலுத்துக்கொள்வாள் அம்மா.

பெட்டியில் எடுத்து வைக்கும்போது கொஞ்சம் பம்ப் அடித்துத்தான் வைப்பாய். "உள்ள காத்து இருக்கணும் லா. அப்பதான் வால்வு இறுக்கமா மூடிக்கிட்டு இருக்கும்." ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையிலும் மூச்சு வாங்க வாங்க அடித்து வைத்தாய். அதன் பிறகு நீ வீடு திரும்பவே இல்லை.

அந்தப் பெட்டியை அம்மா யாரையும் தொட விடவில்லை. "எம்மவன் அடிச்ச காத்து உள்ள இருக்கு" என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் அப்படியே வாங்கிப் பூட்டி வைப்பார்கள் என்று சமாதானம் சொல்லித்தான் எடுத்துப் போனேன். நானும் அதை நம்பினேன்.

"அக்கா, காத்தோட எடுத்துக்க மாட்டோம். காலி பண்ணிட்டுக் குடுங்க" என்றார் போலீஸ்காரர். அவர் மேல் தப்பில்லை. வேறு யாரும் தொட வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன்.

ஸ்டேஷனின் பின்பக்கம் மணல் மூட்டைக்கு நேராகப் பிடித்தேன். குண்டு கிடையாது. இத்தனை மாதத்தில் எல்லாம் கசிந்து போயிருக்கும், ஒன்றும் இருக்காது என்று வேண்டிக்கொண்டே விசையை அழுத்தினேன். உன் வாஷர் காற்றைக் கொஞ்சமும் விட்டிருக்கவில்லை அண்ணே. பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "நல்ல டைட்டா வச்சிருந்திருக்காரு" என்றார் அவர்.

அதை அவ்வளவு இறுக்கமாக மூடத் தெரிந்தவன், உன் மூச்சை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "காத்து இருக்குல்ல?"

"இருக்குமா. அப்படியே வச்சுப் பூட்டிட்டாங்க."

அவள் இருக்கும்வரை அது அப்படியேதான் இருக்கும் அண்ணே. என் வாயிலிருந்து ஒரு சொல்கூடக் கசியாது. இது உன்மேல் சத்தியம்.

உன் கடைசிக் காற்றைத் தன் விரலாலேயே திறந்துவிட்ட,
உன் தங்கச்சி
மாலா