டாங்க் தொம்மலூரில், எஞ்சின் அடுகோடியில்

13-12-98, ஞாயிறு

காலை பனி. எதிர்வீட்டு மாடி கூடத் தெரியவில்லை. ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டேன். வெயில்தான் வரவில்லை.

கல்யாண வேலையில் பாக்கி:
பத்திரிகை ப்ரூஃப். இதோடு மூன்றாவது தடவை திருத்தியாச்சு.
கீதாவின் ஜாக்கெட் நான்கு. ஊருக்கெல்லாம் தைக்கிறேன், பெற்ற பெண்ணுக்குத் தைக்க நேரமில்லை.
நாதஸ்வரம்.
பாபு.

முதல் மூன்றும் ஆகிவிடும். என் தம்பியும் இவரும் பேசிப் பதினாலு மாதம். தாய்மாமன் மாலை போடாமல் கீதாவை எப்படி மேடையேற்றுவது? மாப்பிள்ளை வீட்டில் இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள், தாய்மாமன் யார் என்று. ஊரில் இல்லை என்று சொல்லி வைத்தேன். அவன் இருக்கும் தொம்மலூர் எங்கள் அடுகோடியிலிருந்து என்ன வெளிநாடா.

எல்லாம் அப்பாவின் மோட்டார் சைக்கிளால் வந்தது. மைசூரில் செய்த வண்டி, இரண்டு சைலன்சர். அப்பா போன பிறகு இவர் எட்டு மாதம் உட்கார்ந்து எஞ்சினைச் சரி செய்தார். போன வருஷ ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தாகிவிட்டது, யார் முதலில் ஏறுவது என்று பேச்சு வந்தது. மகன் நான் என்றான் அவன். கிரீஸ் பூசிக்கொண்டவன் நான் என்றார் இவர். பொண்ணை எடுத்தது போதாதா, வண்டியையும் எடுக்கணுமா என்று பாபு ஒரு வார்த்தை விட்டுவிட்டான். ஸ்பானரை எடுத்து அங்கேயே டாங்க்கையும் சீட்டையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். நசுங்காத எலுமிச்சம்பழத்தை நான்தான் எடுத்து சாக்கடையில் போட்டேன்.

இன்று பேப்பரில் ஒரு விளம்பரம். பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி, அடுத்த ஞாயிறு, பள்ளிக்கூட மைதானம். இவர் அதைக் கத்தரித்து காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லையாம்.

15-12, செவ்வாய்

குளிர். வலது தோள் வலி, மெஷின் மிதித்து மிதித்து காலும்.

மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாபுவுக்கு போன். கண்காட்சிக்கு டாங்க் வேண்டுமாம், மாமாவே கேட்டார் என்றேன். "மாமாவே கேட்டாராக்கா?" என்றான். ஆமாம் என்றேன். பொய் ஒன்று.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம், பாபு தானாகவே டாங்க் தருகிறேன் என்கிறான் என்றேன். பொய் இரண்டு. ரசத்தையே கிளறிக்கொண்டிருந்தார். துருப்பிடிக்க விட்டிருப்பான் என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அது போதும்.

கண்காட்சிப் படிவத்தை நானே நிரப்பினேன். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர்? இவர் பெயரைப் போட்டால் அவன் குதிப்பான், அவன் பெயரைப் போட்டால் இவர் குதிப்பார். என் பெயரைப் போட்டுவிட்டேன். நானும் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

16-12, புதன்

மார்கழி பிறந்தாயிற்று. கோலமாவு தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

தட்டு எடுத்துக்கொண்டு தொம்மலூர் போய் பாபுவை அழைத்துவிட்டு வரலாம் என்றேன். மார்கழியில் யாராவது பத்திரிகை வைப்பார்களா என்கிறார். ஐப்பசியில் ஷிஃப்ட். கார்த்திகையில் மழை. இப்போது மார்கழி. இந்த மனுஷனுக்கு மாதத்துக்கு ஒரு சாக்கு.

அவனாவது இறங்கி வருகிறானா என்றால் அதுவும் இல்லை. மாமா வாயால் கூப்பிட்டால் வருவானாம், இல்லாவிட்டால் மண்டபத்துக்கு வெளியே நின்று அட்சதை போடுவானாம். இரண்டும் எனக்கென்று வந்து வாய்த்திருக்கிறது.

கீதா எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எட்டரைக்குத்தான் வந்தாள். கம்பெனி பஸ் லேட். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், "மாமா வருவாராம்மா?" வருவார் என்றேன். இது பொய் மூன்று ஆகிவிடக்கூடாது.

19-12, சனி

இவர் வேலைக்குப் போன பிறகு பாபு வந்தான். நேரம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். டாங்க்கைப் பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்து ஆட்டோவில் இறங்கினான். துருவா? முகம் பார்க்கலாம். பதினாலு மாதம் துடைத்திருக்கிறான், சொல்லவில்லை.

டாங்க்கையும் சீட்டையும் மாட்டினான். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். நல்லா பண்ணியிருக்கார் என்று என்னிடம் சொல்லாமல் எஞ்சினிடம் சொன்னான். கேனில் கொண்டுவந்த பெட்ரோல் மூன்று லிட்டர் ஊற்றினான். இரண்டாவது உதையில் ஸ்டார்ட். அந்தச் சத்தம். அப்பா தெருமுனை திரும்பும்போது வரும் சத்தம் அப்படியே. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

காபி குடிக்கும்போது, மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். அவரையே கேளேன் என்றேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினான். நாளை நேரே மைதானத்துக்கு வருவானாம்.

அவன் போன பிறகுதான் ஒரு சந்தேகம். எண்ணெய் கலந்தானா? அவன் பெட்ரோல் ஊற்றும்போது நான் காபிக்குப் பால் வைக்கப் போயிருந்தேன், பார்க்கவில்லை. இந்த வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சிக்கிக்கொள்ளும். டாங்க் மூடியிலேயே அளவுக் கிண்ணம் உண்டு. லிட்டருக்கு ஒரு கிண்ணம். சின்ன வயதில் அப்பா என்னைத்தான் ஊற்றச் சொல்வார். இவர் வாங்கி வைத்திருந்த அரை லிட்டர் டப்பாவிலிருந்து மூன்று கிண்ணம் ஊற்றி மூடினேன். கொஞ்சம் கூடினால் புகைதானே வரும்.

20-12, ஞாயிறு

இருட்டோடு எழுந்து இட்லி, புளியோதரை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் வண்டியை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றியிருந்தார். டயர் பழசு, ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்று.

மைதானமெல்லாம் பனி. எல்லார் தலையிலும் குரங்குக் குல்லாய். பட்டாளத்துப் பச்சை வண்டி ஒன்று. ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் சைடுகாரில் நாயை உட்காரவைத்திருந்தார், நாய்க்கும் ஸ்வெட்டர். நூறு வண்டி இருக்கும். எங்கள் வண்டிதான் அழகு, அதில் சந்தேகமில்லை.

பாபு வந்தான். வண்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர், நடுவில் நான். மாமாவைப் பெட்ரோல் குழாயைத் திறக்கச் சொல்லு என்று அவன் என்னிடம். அது திறந்துதான் இருக்கிறதென்று உன் தம்பியிடம் சொல்லு என்று இவர் என்னிடம். இடையே இரண்டு அடி இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு எனக்குச் சம்பளம் தரலாம்.

பத்து மணிக்கு நடுவர், அட்டையும் பென்சிலுமாக. கன்னடக்காரர், நல்ல மனுஷர். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். இவர் உதைத்தார். ஏழெட்டு உதை. ஒன்றும் நடக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, மாமாவுக்கு மூட்டு வலி. நான் உதைக்கட்டுமான்னு கேளு."

அன்றைக்குச் சண்டை வந்ததும் இதே சீட்டுக்குத்தானே. இவர் இறங்கி, ஹேண்டிலை அவன் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.

நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் புகை. அப்படியொரு புகையை நான் பார்த்ததில்லை. இரண்டு சைலன்சரும் வெள்ளையாகக் கக்கின. நடுவரைக் காணோம், நாயைக் காணோம், குரைப்பது மட்டும் கேட்கிறது. "சாகு, சாகு, ஆஃப் மாடி", போதும் நிறுத்துங்கள் என்று நடுவர் இருமிக்கொண்டே கத்துகிறார். கொசு மருந்து வண்டி வந்துடுச்சு என்று யாரோ சிரித்தார்கள்.

அந்தப் புகைக்குள்ளே இவர் குரல்.

"டேய், நீ எண்ணெய் ஊத்துனியா?"

"ஊத்தாம? நீங்க எப்ப ஊத்துனீங்க?"

"காலையில. ஊத்தினவன் சொல்லமாட்டியாடா?"

"யார்கிட்ட சொல்றது? நீங்கதான் பேசமாட்டீங்களே மாமா."

எஞ்சின் தானாக நின்றுவிட்டது. இரண்டு பேரும் இருமினார்கள். இவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமலும் சிரிப்புமாக. பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பிப்ரவரி ஏழு, ஞாயித்துக்கெழமை. மாலை நீதான் கொண்டு வரணும் மச்சான். தை பொறக்கட்டும், தட்டோட வீட்டுக்கு வரேன். இப்ப வாயால கூப்பிடறேன்."

பாபு தலையை மட்டும் ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றான். எனக்குப் புகையெல்லாம் இல்லை, அழுகைதான். நன்றாக அழுதேன்.

பரிசு நாய்க்கு. அதாவது சைடுகாருக்கு. புளியோதரை மிச்சமில்லை.

21-12, திங்கள்

குளிர் குறைவு. கோலமாவு வாங்கியாயிற்று. கீதாவுக்கு நேற்றே சொல்லியாயிற்று, ஒரு ஜாக்கெட்டும் வெட்டியாயிற்று.

மாலை பாபு வேலையிலிருந்து நேரே வந்துவிட்டான். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து டாங்க்கைக் காலி செய்கிறார்கள். டாங்க்கை யார் முதலில் கேட்டது என்று பேச்சு வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆமாம், பொய்தான் சொன்னேன், இப்போது என்ன என்றேன். வாயை மூடிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர்: "நான் மூணு கிண்ணம், நீ மூணு கிண்ணம். பாதிக்கு மேல இருக்கணுமே. கால்தான் இருக்கு. கணக்கு உதைக்குதே மச்சான்."

பாபு: "அக்கா, இந்த எண்ணெயை வேற யாராவது தொட்டாங்களா?"

தோசை ஆறுது, வந்து சாப்பிடுங்க ரெண்டு பேரும் என்றேன்.