என் பெயர் போட்ட உன் நோட்டு

அக்கா,

நேற்று சனிக்கிழமை. பேத்தி பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மூன்றாம் வகுப்புக்கு இந்த வாரத்து வீட்டுப்பாடம்: பத்து வகை விதைகளைச் சேர்த்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதி வர வேண்டும். "அத்தே, நீங்களே செஞ்சி குடுத்துடுங்க. எல்லார் வூட்லயும் பெரியவங்கதான் செய்றாங்க" என்று மருமகள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். நான் பசைக் குப்பியைத் திறந்தேன். நம் காலத்துக் கருவேலம் பிசினின் வாடை இல்லைதான். ஆனாலும் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். திருப்பதியில் இந்த மாடியிலிருந்து மலை நன்றாகத் தெரியும். எனக்கு நேற்று நம் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் தெரிந்தது.

நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. புத்தலப்பட்டில் உன் காரியத்துக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, "பள்ளிக்கூடமே ஒழுங்கா போகாத பொம்பள, எவ்ளோ சாமர்த்தியம்! தங்கச்சி டீச்சரு, அக்கா பாவம் களத்து மேட்டோட நின்னுபோச்சி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அவள் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பது எனக்கு எட்டு வயதிலேயே பழகிவிட்டது, உனக்குத் தெரியாதா?

ஊர் மெட்ராஸ் பக்கமா ஆந்திரா பக்கமா என்று முடிவாகாத காலம் அது. ஜீப்பில் ஆட்கள் வந்து, வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நைனா ஒரு கணக்குப் போட்டார். நம் இருவரையும் ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர், ஒண்ணாவதிலிருந்தே உன்னைத் தமிழ் வகுப்பிலும் என்னைத் தெலுங்கு வகுப்பிலும் பிரித்துப் போட்டார். "ஊரு மெட்ராஸ் பக்கம் போச்சின்னா பெரிசு பொழச்சிக்கும். இங்கயே நின்னுச்சின்னா சின்னது பொழச்சிக்கும்" என்றார். ஊரில் பாதி வீட்டில் இதே ஏற்பாடுதான். எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று யார் கேட்டார்கள்?

பள்ளிக்கூடம் ஒரே நீளக் கூடம். நீங்கள் கிழக்கே பார்த்து உட்காருவீர்கள், நாங்கள் மேற்கே பார்த்து. உன் கண் தமிழ்ப் பலகையில் இருக்கும், காது எங்கள் பக்கம் இருக்கும். எனக்கோ இரண்டு காதும் சன்னலுக்கு வெளியே. தெலுங்கு வாத்தியாரை அய்யவாரு என்போம். சனிக்கிழமை மத்தியானம் மணி அடிப்பதற்கு முன்னால் அவர் அந்த வாரத்து வீட்டுப்பாடத்தைச் சொல்வார். வெறும் எழுத்து வேலை இல்லை. ஊர்ப் படம் வரைந்து கிணறுகளைக் குறிக்க வேண்டும். ஐந்து இலைகளைச் சாயத்தில் தோய்த்து அச்செடுத்துப் பெயர் எழுத வேண்டும். சந்தையில் விற்கும் பொருள்களை விசாரித்து வரிசைப்படுத்த வேண்டும். எல்லாம் திங்கட்கிழமை காலையில் நோட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் முதல் வாரம் விதை ஒட்டச் சொன்னார். நான் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். நீ வந்து பார்த்தாய். "அழுதுகினே இருந்தா எழுத்து வந்துடுமா? குடு இப்படி." நோட்டைப் பிடுங்கிக்கொண்டாய். வேர்க்கடலை, துவரை, ஆமணக்கு, கேழ்வரகு என்று பத்தையும் பிசின் தடவி ஒட்டினாய். பக்கத்தில் தெலுங்கில் பெயர் எழுதினாய். தமிழ் வகுப்புப் பிள்ளை எப்போது இதையெல்லாம் பழகினாய் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அய்யவாரு "சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்குது" என்று என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அன்றைக்கு அவர் என்னை இரண்டு அடி போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பாராட்டு வந்த பிறகு எப்படி இறங்குவது? அடுத்த வாரம் நானே எழுதினால் வேறு ஆள் எழுதியது தெரிந்துவிடும். அதனால் மறுபடியும் நீ. அதற்கடுத்த வாரமும் நீ. "இந்த ஒரு வாரந்தான்டி. அப்புறம் நீயே எழுதணும்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வாய். சரி என்று தலையாட்டுவேன். வகுப்பில் என் சிலேட்டைப் பார்த்து அய்யவாரு, "இன்னாம்மா இது, கோழி கிளறினாப்ல இருக்குது. நோட்டுல மட்டும் எப்படி?" என்பார். "வூட்ல நிதானமா எழுதுவேன் சார்" என்பேன். அவர் நம்பினார், பாவம். நைனா டீக்கடையில் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டார். நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நோட்டுதான் நின்றது.

ஊர் ஆந்திராவிலேயே நின்றது. தமிழ் வாத்தியார் டிரங்குப் பெட்டியோடு திருத்தணி பஸ் ஏறினார். உன் வகுப்பை எடுத்துவிட்டார்கள். நைனா உன் கையைப் பிடித்துக்கொண்டு அய்யவாரு முன்னால் வந்து நின்றார்.

"இதையும் மூணாங்கிளாஸ்லயே சேத்துக்கோங்க சாமி. சின்னதுக்கு அக்கா, கெட்டிக்காரப் பொண்ணு."

அய்யவாரு யோசித்தார். மேசைமேல் இருந்த என் நோட்டை எடுத்து, விதை ஒட்டிய பக்கத்தைத் திறந்து உன் முன்னால் வைத்தார். "உன் தங்கச்சி எழுத்தப் பாரு. இதப் பாத்து இந்த சிலேட்டுல எழுதிக் காட்டும்மா. இதுல பாதி வந்தாக்கூட மூணாவதுலயே உக்காரலாம். வரலன்னா ஒண்ணாவதுதான்."

உன் எழுத்தையே உன் முன்னால் வைத்து, பார்த்து எழுது என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எனக்கு எல்லாம் புரிந்தது அக்கா. குழந்தை, புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நீ எழுதினால் இரண்டும் ஒரே கை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். என் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு அடி, நைனாவுக்கு அவமானம். ஒருவேளை நான்தான் ஒண்ணாவதுக்குப் போவேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

நீ பல்பத்தை எடுத்தாய். சிலேட்டில் கீச்சென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது கோணலும் மாணலுமாக நாலு எழுத்து இருந்தது. தெலுங்கு எழுத்தின் தலைக்கட்டை விட்டு, கொம்பை விட்டு, ஐந்து வயதுக் குழந்தை எழுதியது போல. அய்யவாரு தலையை ஆட்டினார். "அட்சரமே வரலியேப்பா."

"ஒம்போது வயசுப் பொண்ணு அஞ்சு வயசு புள்ளைங்களோட குந்திக்கினு இருக்கறதா? வேணாம் சாமி, வூட்டோட இருக்கட்டும்" என்றார் நைனா. அவ்வளவுதான் உன் படிப்பு.

அந்தச் சனிக்கிழமை, வெட்கங்கெட்டவள், நோட்டை மறுபடியும் உன்னிடமே நீட்டினேன். நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். கையைத் துடைக்கவுமில்லை, வாங்கவுமில்லை. "இனிமே நீதான் எழுதணும். பழைய பக்கத்து மேல விரலை வெச்சி ஓட்டு, வரும்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாமே! விரல் தேயத் தேய ஓட்டினேன். உன் வளைவு, உன் சுழி, வரி முடிவில் நீ விடும் இடம், எல்லாம் வரும்வரை ஓட்டினேன். உன் கைபோலவே எழுதாவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் பழகிய எழுத்து அது. அந்த எழுத்தில்தான் பரீட்சை எழுதினேன், வேலைக்கு மனு போட்டேன், முப்பது வருஷம் கரும்பலகையில் தெலுங்குப் பாடம் எழுதினேன். கையெழுத்துக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். மேடையில் வாங்கிக்கொண்டேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய்.

நீயோ வீட்டில் அந்த மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கிழிய விடாமல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாய். நான் எழுதியதைப் பார்த்து, "இன்னாடி இது, ‘ழ’வா நண்டா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய்.

போன வருஷம் உன்னைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, சாமி கும்பிடவா போனேன்? அந்த விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவனும் துணிய மாட்டான், திருடன்கூட ஒப்புக்கொள்வான். உன்னிடமிருந்து உண்மையை வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காலில் விழலாம் என்றிருந்தேன். குளத்துப் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கி சிலேட்டுல வேணும்னேதான அப்படி எழுதினே?"

நீ கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தாய். "அத இங்க வெச்சி கேக்காதடி" என்றாய். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "பிரசாதம் வாங்கிக்கினு வா, பஸ்ஸு வந்துடும்" என்றாய்.

இல்லை என்று அங்கே சொல்ல உன்னால் முடியவில்லை. ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை. என்னை மன்னிப்புக் கேட்கக்கூட விடாமல் காப்பாற்றினாய். அடி பாவி, அதுதான் என்னைக் கொல்கிறது. ஊருக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வருஷம் தள்ளினேன். நீ காத்திருக்கவில்லை.

இந்த மடலை முதலில் தெலுங்கில்தான் தொடங்கினேன். எனக்குக் கை ஓடுவது அதில்தான். இரண்டு வரி எழுதியதும் பார்த்தேன், அத்தனையும் உன் எழுத்து. நீயே உனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வது போல இருந்தது. கிழித்துப் போட்டேன். இதையாவது என் சொந்தக் கையில் எழுத வேண்டும். அதனால்தான் தமிழில், இந்தக் கோணல் எழுத்தில் எழுதுகிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். பரவாயில்லை, சிரி. அன்றைக்கு அந்தக் கூடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கிய வார்த்தையை இப்போது சொல்லிவிடுகிறேன்.

சார், அந்த நோட்டு எங்க அக்கா எழுதினது.